இரு விமான நிலையங்களுக்கு இடையே தொலைவும் பயண நேரமும்: கணக்கிடும் முறை

‘அங்கே விமானத்தில் போக எவ்வளவு நேரம் ஆகும்?’ என்று ஒருவர் கேட்கும்போது, அந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் கலந்திருக்கின்றன. இரு விமான நிலையங்களுக்கு நடுவே உள்ள தொலைவு எவ்வளவு என்பது முதலாவது. விமானம் எத்தனை மணி நேரம் பறக்கும் என்பது இரண்டாவது. ஓரிடத்தில் கிளம்பி மற்றோரிடத்தில் இறங்கும்வரை மொத்தம் எவ்வளவு நேரம் கழியும் என்பது மூன்றாவது. முதற்கேள்விக்கான விடை என்றும் மாறாத ஓர் எண்; மற்ற இரண்டும் திசை, காற்று, பருவம், இடைநிறுத்தம் ஆகியவற்றைப் பொறுத்து மாறிக்கொண்டே இருப்பவை. புதிதாகப் பயணம் திட்டமிடுவோர் பெரும்பாலும் குழம்புவது, ஒன்றின் விடையை மற்றொன்றின் விடையாக எடுத்துக்கொள்வதால்தான். ஆகவே மூன்றையும் தனித்தனியாக, இதே வரிசையில் கணக்கிடுவது நல்லது.

படி 1: எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையத்திற்கு என்று முடிவு செய்யுங்கள்

ஊரின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு கணக்கைத் தொடங்க வேண்டாம். லண்டன் என்ற பெயரின் கீழ் ஹீத்ரோ, காட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், லண்டன் சிட்டி, சவுத்எண்ட் என ஆறு விமான நிலையங்கள் இருக்கின்றன. டோக்கியோவுக்குச் சேவை செய்யும் இரண்டில் ஹனேடா நகருக்கு அருகிலேயே இருக்க, நரிட்டாவோ நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. தள்ளி இருக்கிறது. வானில் இந்த வேறுபாடு சில நிமிடங்கள்தாம். இறங்கிய பிறகு தரைவழியில் அது ஒரு மணி நேரமாகவும் அதற்கு மேலாகவும் வளர்ந்துவிடும்.

ஒரே பெயர் கொண்ட ஊர்களிடமும் எச்சரிக்கை தேவை. சான் ஹொசே என்று எழுதப்படும் ஊர் கலிபோர்னியாவில் ஒன்றும் கோஸ்டா ரிக்காவில் ஒன்றுமாக இருக்கிறது. சிட்னி என்ற பெயரில் ஆஸ்திரேலியாவில் மட்டுமல்லாமல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலும் ஓர் ஊரும் விமான நிலையமும் உண்டு. இந்தக் குழப்பத்தைத் தவிர்ப்பதற்காகவே ஒவ்வொரு நிலையத்திற்கும் மூன்றெழுத்துக் குறியீடு ஒன்று வழங்கப்பட்டுள்ளது. பயணச்சீட்டிலும் பெட்டியில் கட்டும் அட்டையிலும் காணப்படுவது பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான அயாட்டா வழங்கும் இந்தக் குறியீடுதான். ஹீத்ரோவுக்கு எல்எச்ஆர், நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி நிலையத்திற்கு ஜேஎஃப்கே. விமானிகளும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களும் பயன்படுத்துவது வேறொரு நான்கெழுத்துக் குறியீடு. பயணிக்கு அது தேவைப்படாது. நகரம் முழுவதற்குமான குறியீடுகளும் உண்டு. தேடும்போது என்ஒய்சி என்று கொடுத்தால் ஜேஎஃப்கே, நியூவர்க், லாகார்டியா மூன்றும் ஒருசேர வந்து நிற்கும். தேடலுக்கு அது வசதியாக இருந்தாலும், தொலைவுக் கணக்கிற்கு உதவாது.

படி 2: தொலைவு எதைக் குறிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இரு நிலையங்களுக்கு இடையிலான தொலைவு என்று வெளியிடப்படுவது பெருவட்டத் தொலைவு. உருண்டையான புவியின் மேற்பரப்பில் இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய பாதையின் நீளம் அது. தட்டையான உலக வரைபடத்தில் அளவுகோலை வைத்துக் கோடு போட்டால் கிடைப்பது இதுவன்று. சுவரில் மாட்டப்படும் வரைபடங்களிலும் கைப்பேசி வரைபடங்களிலும் வழக்கமாகப் பயன்படும் மெர்கேட்டர் முறையில், துருவங்களை நெருங்க நெருங்க நிலப்பரப்பு பெரிதாகிக்கொண்டே போகிறது. எனவே அதில் நேராகத் தெரியும் கோடு உண்மையில் சுற்றுவழியாகவும், வளைந்து தெரியும் கோடு உண்மையில் குறுக்குவழியாகவும் அமைகின்றன. டோக்கியோவிலிருந்து நியூயார்க் செல்வதற்கான மிகக் குறுகிய பாதை, வரைபடத்தைப் பார்ப்பவர் எண்ணுவதுபோல் பசிபிக்கின் நடுவே கிழக்கு நோக்கிச் செல்லாமல், வடக்கே ஏறி அலாஸ்காவையும் கனடாவின் வடபகுதியையும் கடந்து கீழிறங்குகிறது. நம்ப முடியாதவர்கள் ஒரு புவிக்கோளத்தில் இரு நகரங்களுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்துப் பார்க்கலாம். நூல் தானாகவே வடக்கே நகர்ந்து அலாஸ்காவின் மீது போய் அமரும். பூமத்திய ரேகையின் மீதோ ஒரே தீர்க்கரேகையின் மீதோ அமைந்த இரு இடங்களுக்கு மட்டுமே வரைபடக் கோடும் பெருவட்டமும் ஒன்றாக இருக்கும்.

இந்த எண் வெறும் ஆர்வத்திற்கானது அன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டின் 261-ஆம் எண் விதிமுறை, விமானம் ரத்தாகும்போதும் பெருமளவு தாமதமாகும்போதும் தரவேண்டிய இழப்பீட்டைத் தொலைவை வைத்தே வகுத்தது: 1,500 கி.மீ. வரை 250 யூரோ, 1,500 முதல் 3,500 கி.மீ. வரை 400 யூரோ, அதற்கு மேல் 600 யூரோ. ஒன்றியத்திற்குள்ளேயே முடியும் பயணமானால் 1,500 கி.மீ.க்கு மேல் எவ்வளவு இருந்தாலும் 400 யூரோதான். இடையில் விமானம் மாறிச் செல்பவருக்கும், கிளம்பிய இடத்திற்கும் இறுதி இடத்திற்கும் நடுவே உள்ள பெருவட்டத் தொலைவே கணக்கு என்றும், உண்மையில் பறந்த தொலைவு கணக்கில் வராது என்றும் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. பயணத்தின் கரிம உமிழ்வை மதிப்பிடும் கணிப்பான்களுக்கும் இதே தொலைவுதான் அடிப்படை. ஆயினும் விமானம் சற்று வளைந்தும் வட்டமிட்டும் செல்லும் என்பதால், பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் கணிப்பு முறையில், 550 கி.மீ.க்குக் குறைவான பயணத்திற்கு 50 கி.மீ., 5,500 வரையிலான பயணத்திற்கு 100 கி.மீ., அதற்கு மேல் 125 கி.மீ. என்று கூட்டிக்கொள்கிறார்கள்.

படி 3: தொலைவை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்

இணையத்தில் கிடைக்கும் கணிப்பான்களே போதும் என்றாலும், ஒருமுறை சொந்தமாகக் கணக்கிட்டுப் பார்த்தவர்களுக்குத் தவறான எண்ணைக் கண்டதும் சந்தேகம் எழும் என்பதால் இதைப் பரிந்துரைக்கிறேன். எக்செல் போன்ற அட்டவணைச் செயலி ஒன்றும், இரு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளும் இருந்தால் போதும்.

அளவுகளைத் தசம வடிவில் எழுதிக்கொள்ளுங்கள். ஹீத்ரோவின் அட்சரேகை 51 பாகை 28 கலை (ஒரு பாகைக்கு 60 கலை) என்று கொடுக்கப்பட்டிருந்தால் அதை 51.28 என்று எழுதக் கூடாது. 28-ஐ 60-ஆல் வகுத்து 51.47 என்று எழுத வேண்டும். இந்த ஒரு பிழை ஏறத்தாழ 21 கி.மீ. இடம்பெயர்த்துவிடும். வடக்கும் கிழக்கும் கூட்டல் குறி, தெற்கும் மேற்கும் கழித்தல் குறி என்பதையும் மறக்கலாகாது. மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி இடாமல் விட்டால் நியூயார்க் மத்திய ஆசியாவுக்குப் போய்விடும்.

பிறகு செய்யவேண்டியது இதுதான். இரு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள். இரு அட்சரேகைகளின் கோசைன் மதிப்புகளைப் பெருக்கி, அதைத் தீர்க்கரேகை வேறுபாட்டின் கோசைனாலும் பெருக்குங்கள். இரண்டு விடைகளையும் கூட்டினால் கிடைப்பது, இரு இடங்களும் புவியின் மையத்தில் உண்டாக்கும் கோணத்தின் கோசைன். அதிலிருந்து கோணத்தைப் பாகையில் கண்டுபிடித்து 111.195-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும். புவியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்று கொண்டால், மேற்பரப்பில் ஒரு பாகைக்கு உரிய நீளம் அவ்வளவு. அட்டவணைச் செயலிகள் கோணங்களைப் பாகையில் அல்லாமல் ரேடியன் என்ற வேறொரு கோண அலகில்தான் எதிர்பார்க்கும் என்பதால், முதலில் ஒவ்வோர் அளவையும் பை (π) என்ற எண்ணால் பெருக்கி 180-ஆல் வகுத்துக்கொள்வதும், இறுதியில் கிடைக்கும் கோணத்தைப் பாகைக்கு மாற்றுவதும் அவசியம். விடை பொருத்தமே இல்லாமல் வந்தால் முதலில் இந்த மாற்றத்தையே சரிபாருங்கள்.

ஹீத்ரோ (51.47, −0.45), ஜேஎஃப்கே (40.64, −73.78) ஆகிய அளவுகளை இட்டால் கோணம் ஏறத்தாழ 49.8 பாகை, தொலைவு ஏறத்தாழ 5,540 கி.மீ. சில கணிப்பான்கள் இதையே 5,555 கி.மீ. என்று காட்டும். எதுவும் பிழையில்லை. புவி முழுமையான கோளமாக இல்லாமல், நடுவில் சற்றே பருத்தும் துருவங்களில் சற்றே தட்டையாகவும் இருக்கிறது. பூமத்திய ரேகையில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. அந்த வடிவத்தைக் கணக்கில் எடுக்கும் கணிப்பான்கள் துல்லியமானவை, கோளமாகக் கொள்பவை அரை விழுக்காட்டுக்குள் பிசகுபவை. பயணத் திட்டத்திற்கு இரண்டில் எதுவாக இருந்தாலும் கவலையில்லை.

எண்ணை எந்த அலகில் சொல்லியிருக்கிறார்கள் என்பதில்தான் கவனம் வேண்டும். விமானத் துறையில் தொலைவைக் கடல் மைலில் குறிப்பார்கள். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. சாலைகளில் வழங்கும் மைல் 1.609 கி.மீ. மட்டுமே. மேலே சொன்ன 5,555 கி.மீ. சாதாரண மைலில் சுமார் 3,450, கடல் மைலில் சுமார் 3,000. ‘மைல்’ என்று மட்டும் போட்டிருந்தால் எந்த மைல் என்று பார்த்த பிறகே அந்த எண்ணைப் பயன்படுத்துங்கள்.

படி 4: பறக்கும் நேரத்தை மதிப்பிடுங்கள்

நடுத்தரத் தொலைவுகளில் அதிகம் பறக்கும் ஏர்பஸ் ஏ320, போயிங் 737 வகை விமானங்கள் உச்ச உயரத்தில் ஒலியின் வேகத்தில் சுமார் 0.78 பங்கில் செல்கின்றன. நெடுந்தொலைவுக்குரிய போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்றவை 0.85 பங்கில் செல்கின்றன. 35,000 அடி உயரத்துக் குளிரில் ஒலியின் வேகமே மணிக்கு ஏறத்தாழ 1,067 கி.மீ. தான் என்பதால், இவை முறையே மணிக்கு 830, 905 கி.மீ. வேகங்களாகின்றன. ஏடிஆர் போன்ற சுழல்விசிறி விமானங்கள் மணிக்கு 500 கி.மீ. அளவில்தான் பறக்கும். ஆகவே சிறு நகரங்களுக்கான சேவைகளில் எந்த வகை விமானம் என்று பார்த்துவிட்டே கணக்கைத் தொடங்க வேண்டும்.

ஆனால் முழுப் பயணமும் இந்த வேகத்தில் நடப்பதில்லை. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்லவும், மேலேறவும், இறங்கும்போது வேகம் குறைத்து வரிசையில் நிற்கவும், தரையிறங்கியபின் வாயிலை அடையவும் நேரம் வேண்டும். குறுந்தொலைவுக்கு மணிக்கு 800 கி.மீ., நெடுந்தொலைவுக்கு 850 கி.மீ. என்று வைத்து வகுத்து, அதனுடன் 40 நிமிடம் கூட்டினால் நடைமுறைக்கு நெருக்கமான விடை கிடைக்கும். பாரிஸ் – ரோம் தொலைவு சுமார் 1,100 கி.மீ.; வகுத்தால் 1 மணி 23 நிமிடம், கூட்டினால் 2 மணிக்குச் சற்று மேல். அட்டவணையில் காணப்படும் நேரமும் ஏறத்தாழ அதுவே. லண்டன் – நியூயார்க்குக்கு இதே முறையில் 7 மணி 10 நிமிடம் வருகிறது.

நிறுவனங்கள் அட்டவணையில் வெளியிடுவது, வாயிலிலிருந்து விமானம் பின்னுக்கு நகரும் கணம் முதல் மறுமுனையில் வாயிலில் நிற்கும் கணம் வரையிலான நேரம். அதில் தாமதத்தைச் சமாளிப்பதற்கான சிறு கூடுதலும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். நெரிசல் மிகுந்த நிலையங்களுக்கு இது இன்னும் தாராளமாக இருக்கும். அதனால்தான் அரை மணி தாமதமாகக் கிளம்பிய விமானமும் சில வேளைகளில் குறித்த நேரத்திலேயே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

கணிப்பான்கள் பலவும் மணிக்கு 500 மைல் என்ற ஒரே வேகத்தை வைத்து, அரை மணி கூட்டி, ‘7 மணி 24 நிமிடம்’ என்று நிமிடக் கணக்கில் விடை தருகின்றன. போகும்போதும் வரும்போதும் அதே விடைதான். அந்த நிமிடங்களுக்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை. ‘ஏழிலிருந்து எட்டு மணிக்குள்’ என்று எடுத்துக்கொள்வதே அந்த எண்ணுக்கு உரிய மரியாதை.

படி 5: திசைக்கும் காற்றுக்கும் இடம் கொடுங்கள்

நடு அட்சரேகைகளில், தரையிலிருந்து 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வேகமான காற்றோட்டம் ஒன்று வீசிக்கொண்டிருக்கிறது. ஜெட் காற்றோட்டம் என்று அழைக்கப்படும் இது குளிர்காலத்தில் வலுப்பெறும். சில வேளைகளில் மணிக்கு 400 கி.மீ.யையும் தாண்டும். விமானங்கள் பறக்கும் உயரமும் அதுவே என்பதால், கிழக்கு நோக்கிச் செல்லும் விமானம் அதில் ஏறிக்கொண்டு விரைகிறது, மேற்கு நோக்கிச் செல்வது அதை எதிர்த்தோ ஒதுங்கியோ போகிறது. லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு அட்டவணை நேரம் ஏறத்தாழ 8 மணி, திரும்பி வர ஏறத்தாழ 7 மணி என்றிருப்பதன் காரணம் இதுதான். 2020 பிப்ரவரியில் சியாரா புயலின் போது ஒரு போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. அப்போதும் அது ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடவில்லை. சுற்றியுள்ள காற்றுதான் விமானத்தையும் சேர்த்து இழுத்து வந்தது.

போகும்போது இழந்ததை வரும்போது மீட்டுவிடலாம் என்று தோன்றும். அப்படி நடப்பதில்லை. மணிக்கு 900 கி.மீ. வேகமுள்ள விமானம் 5,540 கி.மீ.யைக் காற்றில்லாமல் போய்வர 12 மணி 19 நிமிடம் எடுக்கும். மணிக்கு 100 கி.மீ. காற்று வீசினால் எதிர்த்துப் போக 6 மணி 55 நிமிடமும், அதன் துணையுடன் வர 5 மணி 32 நிமிடமும் ஆக, மொத்தம் 12 மணி 28 நிமிடத்தை நெருங்குகிறது. எதிர்க்காற்றில் செலவிடும் நேரமே அதிகம் என்பதால் இழப்பு எப்போதும் லாபத்தைவிடச் சற்று மிஞ்சும்.

வடக்கு – தெற்காகச் செல்லும் பயணங்களில் இரு திசைகளுக்குமான வேறுபாடு சிறியது. பூமத்திய ரேகையை ஒட்டிய பயணங்களிலும் அப்படியே. நடு அட்சரேகைகளில் கிழக்கு – மேற்காகச் செல்லும் நெடும்பயணத்திற்கு மட்டும், படி 4-இல் கிடைத்த விடையுடன் மேற்கு நோக்கி அரை மணி முதல் ஒரு மணி வரை கூட்டிக்கொள்ளுங்கள்; கிழக்கு நோக்கிச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: குறுகிய பாதை திறந்திருக்கிறதா என்று பாருங்கள்

பெருவட்டப் பாதை கணக்கில் இருக்கும். வானில் எப்போதும் கிடைக்காது. 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்ய வான்பரப்பு ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டபோது, ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஹெல்சிங்கி – டோக்கியோ பயணம் சுமார் 13 மணி நேரமாக நீண்டது. இரு நிலையங்களுக்கும் இடையிலான தொலைவு ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை. திபெத் பீடபூமியும் இவ்வாறே பல பாதைகளை வளைய வைக்கிறது. விமானத்திற்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் உடனே 10,000 அடி உயரத்திற்கு இறங்கவேண்டும். தரையே அதைவிட உயரமாக இருக்கும் இடத்தில் அது இயலாது. இரட்டை எஞ்சின் விமானங்கள், ஓர் எஞ்சின் நின்றுவிட்டால் குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் அடையக்கூடிய ஒரு நிலையத்தைவிட்டு அதிகம் விலகிச் செல்லக் கூடாது என்ற விதியும், பெருங்கடல்களின் மேல் பாதையைச் சற்றே வளைக்கும்.

இவற்றையெல்லாம் நீங்கள் கணக்கிட வேண்டியதில்லை. உங்கள் மதிப்பீட்டுக்கும் அட்டவணை நேரத்திற்கும் ஒன்றரை மணிக்கு மேல் வேறுபாடு இருந்தால், காரணம் பெரும்பாலும் இவற்றுள் ஒன்றாகவே இருக்கும். அங்கே அட்டவணையையே நம்புங்கள்.

படி 7: பயணச்சீட்டில் உள்ள நேரத்தை உலக நேரத்திற்கு மாற்றிப் படியுங்கள்

பயணச்சீட்டில் அச்சாகும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். கிளம்பும் நேரத்தை வந்துசேரும் நேரத்திலிருந்து நேரடியாகக் கழிப்பதே புதியவர்கள் மிக அதிகமாகச் செய்யும் பிழை. இரண்டையும் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்திற்கு மாற்றிவிட்டுக் கழித்தால் குழப்பமே வராது. யூடிசியைவிட முன்னே இருக்கும் ஊருக்கு அந்த வேறுபாட்டைக் கழிக்கவேண்டும், பின்னே இருக்கும் ஊருக்குக் கூட்டவேண்டும்.

குளிர்காலத்தில் லண்டனில் 11:00 மணிக்குக் கிளம்பி நியூயார்க்கில் 14:00 மணிக்கு இறங்குவதாகச் சீட்டு சொன்னால், பயணம் மூன்று மணி நேரமன்று. லண்டன் அப்போது யூடிசியிலேயே இருக்கிறது. நியூயார்க் ஐந்து மணி பின்னே இருப்பதால் 14:00 என்பது யூடிசியில் 19:00. ஆக எட்டு மணி நேரம். டோக்கியோ – ஹோனலூலு பயணம் இன்னும் வியப்பூட்டும்: இரவு 21:00 மணிக்குக் கிளம்பினால், அதே தேதியில் காலை 9:00 மணிக்கு இறங்கலாம். டோக்கியோ ஒன்பது மணி முன்னே என்பதால் கிளம்பியது யூடிசியில் 12:00. ஹோனலூலு பத்து மணி பின்னே என்பதால் இறங்கியது 19:00. பயணம் ஏழு மணி நேரம். நடுவில் தேதிக்கோட்டைக் கிழக்கு நோக்கிக் கடந்ததால் ஒரு நாள் திரும்பக் கிடைத்தது. திரும்பி வரும்போது அந்த நாள் போய்விடும் என்பதால், விடுதிப் பதிவு செய்யுமுன் வந்துசேரும் நேரத்தின் அருகே ‘+1’ என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

நேர வேறுபாடு முழு மணிகளாகத்தான் இருக்கும் என்று எண்ண வேண்டாம். நேபாளம் யூடிசிக்கு ஐந்தே முக்கால் மணி முன்னே இருக்கிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மூன்றரை மணி பின்னே இருக்கிறது. கோடைகால நேர மாற்றம் இதைவிடச் சிக்கலானது. ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை முன்னே தள்ளி, அக்டோபர் கடைசி ஞாயிறன்று மீட்கிறது. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்று தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று மீட்கிறது. இந்த இடைவெளி வாரங்களில் லண்டன் – நியூயார்க் வேறுபாடு ஐந்து மணிக்குப் பதிலாக நான்கு மணியாக இருக்கும். ஜப்பான், சிங்கப்பூர் போன்ற நாடுகளோ கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. எனவே ‘வேறுபாடு எவ்வளவு’ என்று நினைவிலிருந்து எழுதாமல், பயணத் தேதிக்கு உரிய வேறுபாட்டைப் பார்த்து எழுதுங்கள்.

படி 8: இடைநிறுத்தத்தையும் தரைநேரத்தையும் சேருங்கள்

நேரடி விமானம் இல்லாத இடங்களுக்கு ஒவ்வொரு கட்டத்தையும் தனியே கணக்கிட்டு, நடுவில் காத்திருக்கும் நேரத்தைச் சேர்க்கவேண்டும். ஒவ்வொரு நிலையத்திற்கும் ஒரு விமானத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதற்கான குறைந்தபட்ச இணைப்பு நேரம் வகுக்கப்பட்டிருக்கிறது. ஒரே பதிவில் விற்கப்படும் இணைப்புகள் அதற்கு உட்பட்டே அமைகின்றன. அந்தக் குறைந்தபட்சம் எல்லாம் ஒழுங்காக நடந்தால் போதுமானது என்ற பொருளில் வகுக்கப்பட்டது. ஒரு விமானம் 15 நிமிடத்திற்குள் பிந்தினால் தாமதமென்றே கணக்கிடாத வழக்கம் இத்துறையில் உண்டு என்பதை நினைத்தால், நாற்பத்தைந்து நிமிட இணைப்பு எவ்வளவு இறுக்கமானது என்பது விளங்கும். குடிவரவுச் சோதனையோ முனைய மாற்றமோ இருந்தால் இரண்டு மணிக்குக் குறையாத இணைப்பையே நான் தேர்ந்தெடுப்பேன்.

தனித்தனியாக வாங்கிய இரண்டு சீட்டுகளைச் சேர்த்துப் பயணிப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது. முதல் விமானம் பிந்தி இரண்டாவதைத் தவறவிட்டால், அடுத்த விமானத்தில் இடம் தரவேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இரண்டாம் நிறுவனத்திற்கு இல்லை. பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டியும் வரலாம். அதற்கு முன் குடிவரவைக் கடக்க அந்த நாட்டின் விசா தேவைப்படுமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இறுதியாக, கிளம்பும் நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் முகப்பு எப்போது மூடப்படும் என்பதை நிறுவனத்தின் அறிவிப்பில் பார்த்து, அதற்கும் முன்னதாக வரிசையில் நிற்கும் நேரத்தையும், இறங்கியபின் குடிவரவு, பெட்டி, நகருக்குள் செல்லும் ரயில் அல்லது பேருந்து ஆகியவற்றுக்கான நேரத்தையும் சேருங்கள். இரண்டு மணிப் பறப்புக்கு முன்னும் பின்னும் சேர்ந்து நான்கு மணி ஆவது சாதாரணம் என்பதால், குறுந்தொலைவில் ரயிலையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. பத்து மணிக்கு மேற்பட்ட பறப்புகளில் அந்த நான்கு மணி நேரம் முடிவை மாற்றுவதில்லை. அங்கே இணைப்பு எந்த ஊரில், எவ்வளவு நேரம் என்பதே பார்க்கவேண்டியது.